செத்த வீட்டுக்குப் போகவும் அப்பொயின்ட்மென்ட் எடுக்க வேண்டுமா?

பாரிஸின் கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறினால் இரண்டே கால் மணி நேரத்தில் லண்டன். அந்த நிலையத்திலிருந்து பொடிநடையாகப் போகும் தூரத்தில் லாச்சப்பல். தெருவெங்கும் நம்மவரின் புடவைக்கடை, நகைக்கடை, மரக்கறிக்கடை. அக்கரையில் ஈஸ்ட்ஹாம், டூட்டிங், ஹரோ. ஒரு வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவர் இக்கரையிலும் இன்னொருவர் அக்கரையிலுமாகப் பிரிந்துபோன குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். யார் எந்த நாட்டில் வாழ்வது என்று அவர்கள் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. போரிலிருந்து தப்பி வந்தபோது ஏஜென்சிக்காரன் யாரை எங்கே இறக்கிவிட்டானோ, அவர் அங்கேயே வேரூன்றினார்.

லண்டனில் தமக்கை கண்ணை மூடுகிறார். பாரிஸில் இருக்கும் தம்பியிடம் பத்து வருட வதிவிட காட் இருக்கிறது, நிரந்தர வேலை இருக்கிறது, வரி கட்டிய பத்திரங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. ஆனால் கையில் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு. விசா இல்லாமல் அவரால் ரயிலில் கால் வைக்க முடியாது. லண்டனில் உடலைத் தகனம் செய்ய ஒன்றிரண்டு கிழமை செல்வது வழக்கம். அந்த அவகாசம்கூட விசாவுக்குப் போதுவதில்லை. எட்டுச் செலவும் முடிந்து, அந்தியேட்டியும் முடிந்த பிறகு விசா கிடைத்தால், அதை வைத்துக்கொண்டு அவர் யார் முகத்தைப் பார்க்கப் போவது?

கலியாண வீடு, சாமத்திய வீடு, அரங்கேற்றம் என்று நல்ல காரியங்களுக்கும் இதே கதைதான். நாள் குறித்து மண்டபம் எடுத்தவர்கள், தாய்மாமன் வருவாரா மாட்டாரா என்று கடைசிக் கிழமை வரை தெரியாமல் தவிக்கிறார்கள்.

யாருக்கு இந்தத் தொல்லை?

பிரித்தானியக் குடியுரிமை எடுத்தவர் ஷெங்கன் என்ற ஐரோப்பியப் பொதுவிசா வட்டத்துக்குள் விசா இல்லாமல் போகலாம். 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர் லண்டனுக்கு வர ‘இ.டி.ஏ.’ என்ற மின்னனுமதி போதும்; 2025 ஏப்ரலில் அதன் கட்டணம் 16 பவுண்ஸ். அலைபேசியிலேயே எடுத்துவிடலாம். ஷெங்கனுக்குள் இருக்கும் 29 நாடுகளுக்கிடையே வதிவிட காட் உள்ளவர்கள் தடையின்றிப் போய்வரலாம். சூரிச்சில் இருப்பவர் பாரிஸ் மாணிக்கப் பிள்ளையார் தேருக்கு வருவதற்கும், ஒஸ்லோவில் இருப்பவர் ஜேர்மனியின் ஹம் காமாட்சி அம்பாள் தேருக்குப் போவதற்கும் தடை இல்லை.

இடையில் நிற்பது ஆங்கிலக் கால்வாய்தான். அதைக் கடக்க முடியாமல் மாட்டிக்கொள்வோர் மூன்று வகை. ஒன்று, பிரித்தானியாவிலோ ஷெங்கன் நாடுகளிலோ நிரந்தர வதிவிட உரிமை பெற்றும் இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டோடு இருப்பவர்கள். இரண்டு, இரு பக்கமும் அகதிப் பயணப்பத்திரம் வைத்திருப்பவர்கள். மூன்று, வேலைக்கும் படிப்புக்கும் வந்தவர்கள். தமிழகத்திலிருந்து வந்து பிரித்தானிய மருத்துவமனைகளில் பணிபுரியும் தாதியரும் இதில் அடக்கம்.

“குடியுரிமை எடுத்தால் முடிந்தது, எடுக்க வேண்டியதுதானே?” என்று கேட்பவர்கள் உண்டு. பிரித்தானியக் குடியுரிமை விண்ணப்பத்துக்கு வயது வந்த ஒருவருக்கு 1,600 பவுண்ஸுக்கு மேல் செல்கிறது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு அது சிறு தொகை அல்ல. மொழித் தேர்வும், அந்நாட்டு வாழ்க்கை பற்றிய தேர்வும் தனி. பிரான்ஸில் 2026 ஜனவரி முதல் குடியுரிமைக்குக் கேட்கும் பிரெஞ்சு மொழித் தகுதி பி1 என்ற நிலையிலிருந்து பி2 ஆக உயர்ந்துவிட்டது. உணவகச் சமையலறையில் இருபத்தைந்து வருடம் நின்றே காலம் கழித்த ஒருவருக்கு அது எட்டாத உயரம். இந்தியாவோ இரட்டைக் குடியுரிமையை ஏற்பதே இல்லை. ஆக, குடியுரிமை எடுக்காதவர்கள் எல்லாரும் அசட்டையால் இருக்கிறார்கள் என்று சொல்வது நியாயமில்லை.

பிரான்ஸுக்குப் போக ஒரு கட்டுக் காகிதம்

லண்டனில் இருப்பவர் பாரிஸிலுள்ள அண்ணன் வீட்டில் ஐந்து நாள் தங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அலைய வேண்டியவர் அண்ணன். தன் ஊர் நகரசபைக்குப் போய், ‘இவரை என் வீட்டில் தங்கவைப்பேன்’ என்ற அத்தாட்சியை அவர் எடுக்க வேண்டும். அதற்கு 30 யூரோ முத்திரைக் கட்டணம். வீட்டு வாடகைப் பத்திரம், சம்பளத் துண்டு எல்லாம் காட்ட வேண்டும். நகரசபை மறுத்தாலும் அந்தப் பணம் திரும்பாது.

பிறகு லண்டன்காரரின் பங்கு. வங்கிக் கணக்கு விபரம், சம்பளத் துண்டு, வேலை கொடுப்பவரின் கடிதம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி, போகவர ரயில் பதிவு, பிரித்தானியாவில் சட்டப்படி வாழ்வதற்கான ஆதாரம். கையில் இருந்த வதிவிட காட்டும் இப்போது போய்விட்டது. 2024 டிசெம்பர் முடிவோடு அது நின்று, எல்லாம் ‘இ-விசா’ என்று இணையத்துக்கு மாறிவிட்டது. காட்டை நீட்டிப் பழகிய முதியவர்கள் இன்று பிள்ளைகளைக் கெஞ்சி இணையத்துக்குள் நுழைகிறார்கள்.

விசாக் கட்டணம் 2024 ஜூன் 11 முதல் 80 யூரோவிலிருந்து 90 ஆக ஏறியது. ஆறு முதல் பதினொரு வயது வரையான பிள்ளைகளுக்கு 45. விண்ணப்பத்தை வாங்கிக் கொடுக்கும் தனியார் நிலையத்துக்குச் சேவைக் கட்டணம் வேறு. பொதுவிதிப்படி அது விசாக் கட்டணத்தின் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டுவதில்லைதான். ஆனால் உள்ளே போனவுடன் குறுஞ்செய்திச் சேவை, கூரியர், படம் பிடித்தல், வசதியான தனி அறை என்று ஒவ்வொன்றாக நீட்டுவார்கள். இவையெல்லாம் விரும்பினால் மட்டும் எடுப்பவை என்று தெரியாமல், கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வருபவர்கள் பலர்.

இத்தனையும் செய்யத் தயாராக இருந்தாலும், முதற்படியிலேயே தடுக்கி விழுகிறார்கள். அப்பொயின்ட்மென்ட் கிடைப்பதில்லை. கோடை விடுமுறை, நத்தார் விடுமுறை நெருங்கும்போது திகதிப் பலகையில் எல்லா நாட்களும் மூடிக் கிடக்கும். இரவு பன்னிரண்டு மணிக்குத் திறக்குமாம், விடிய நாலு மணிக்குத் திறக்குமாம் என்று வாய்க்கு வந்தபடி சொல்லக் கேட்டுக் குடும்பமே முறைவைத்துக் கணினி முன் விழித்திருக்கிறது. இந்தத் தவிப்பில் காசு பார்க்கும் கூட்டமும் முளைத்துவிட்டது. வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் ‘திகதி பிடித்துத் தருகிறோம்’ என்று விலை பேசுகிறார்கள். தூதரகம் காசு வாங்காமல் கொடுக்க வேண்டிய ஒரு நேரத்தைத் தரகனிடம் விலை கொடுத்து வாங்கும் நிலைக்கு நேர்மையான மனிதர்கள் தள்ளப்படுகிறார்கள்.

சட்டம் ஒன்று, நடப்பது ஒன்று

ஷெங்கன் விசாச் சட்டக்கோவை 2009-இல் இயற்றப்பட்டது, 2019-இல் திருத்தப்பட்டது. அதை எடுத்துப் பார்த்தால், நாம் கேட்பதில் பாதி அங்கே ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது.

அதன் ஒன்பதாம் பிரிவு, அப்பொயின்ட்மென்ட் கேட்ட நாளிலிருந்து பொதுவாக இரண்டு கிழமைக்குள் அது கொடுக்கப்பட வேண்டும் என்கிறது. தகுந்த அவசரக் காரணம் இருந்தால் அப்பொயின்ட்மென்ட் இல்லாமலே விண்ணப்பத்தை ஏற்கலாம். இல்லையேல் உடனடியாக ஒரு நேரம் கொடுக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. பயணத்துக்குப் பதினைந்து நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும் என்ற விதிக்கும் அவசர நேரத்தில் விலக்கு உண்டு. கொடுத்த விண்ணப்பத்தில் பதினைந்து நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கூடுதல் ஆய்வு தேவைப்பட்டால் மட்டும் 45 நாள் வரை நீட்டலாம்.

மரணத்தைவிட அவசரம் வேறென்ன இருக்கிறது? ஆனால் மரணச் சான்றிதழோடு போகிறவர் முதலில் முட்டிக்கொள்வது தனியார் நிலையத்தின் இணையப் பக்கத்தில். ‘உங்கள் அவசரத்தை யாரிடம் சொல்ல வேண்டும்’ என்ற வழிகாட்டல் அங்கே கண்ணில் படுவதில்லை. நிலையத்தில் கேட்டால் “முடிவெடுப்பது தூதரகம்” என்கிறார்கள். தூதரகத்துக்கு மின்னஞ்சல் போட்டால் “நிலையத்தின் மூலம் வாருங்கள்” என்று தானியங்கிப் பதில் வருகிறது. அவசரத்தைக் கேட்க ஆள் இல்லை என்றால், அவசரத்துக்கென்று எழுதிவைத்த பிரிவால் யாருக்கு என்ன பயன்?

நீண்டகாலப் பலமுறை விசா விடயத்திலும் இதே நிலைமை. இரண்டு வருடத்தில் மூன்று விசாக்களை முறையாகப் பயன்படுத்தியவருக்கு ஒரு வருடப் பலமுறை விசாவும், அதைத் தொடர்ந்து இரண்டு வருடம், ஐந்து வருடம் என்றும் படிப்படியாகக் கொடுக்கச் சட்டம் வழி செய்திருக்கிறது. உள்ளூர் நிலைமையைப் பார்த்து இந்தப் படிகளைக் குறைக்கவும் இடமுண்டு. 2024 ஏப்ரலில் இந்தியாவில் வாழும் இந்தியர்களுக்கு அப்படித்தான் குறைத்தார்கள்: மூன்று வருடத்தில் இரண்டு விசாக்களை முறையாகப் பயன்படுத்தியிருந்தால் அடுத்தது இரண்டு வருட விசா. நல்ல ஏற்பாடு. ஆனால் லண்டனில் வேலை செய்யும் இந்தியத் தாதிக்கு அது செல்லாது. சென்னையில் இருந்திருந்தால் அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய சலுகை, பாரிஸுக்கு இரண்டே கால் மணி தூரத்தில் வந்து வாழ்வதால் இல்லாமல் போகிறது!

லண்டனுக்கு வருவோர் பாடு

இந்தப் பக்கம் சுத்தம் என்று நினைத்துவிட வேண்டாம். பிரித்தானியாவின் ஆறு மாதப் பார்வையாளர் விசாக் கட்டணம் 2025 ஏப்ரலில் 127 பவுண்ஸாக ஏறியது. மறுத்தாலும் அது திரும்பாது. பிரெஞ்சிலும் ஜேர்மனிலும் நோர்வேஜிய மொழியிலும் இருக்கும் சம்பளத் துண்டு, வாடகைப் பத்திரம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும். பக்கத்துக்கு இவ்வளவு என்று மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுக்கும் காசு சில வேளை விசாக் கட்டணத்தையே மிஞ்சிவிடும்.

இதைவிடப் பெரிய அநியாயம் மறுப்பு வரும்போது தெரியும். குடும்பத்தைப் பார்க்க வருவோருக்கு விசா மறுக்கப்பட்டால் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்யும் உரிமை முன்பு இருந்தது. 2013 ஜூன் 25 முதல் அதை எடுத்துவிட்டார்கள். மனித உரிமை மீறல் என்று வாதிடக்கூடிய சில வழக்குகளைத் தவிர்த்தால், இனி உள்ள வழி மறுபடி காசு கட்டி விண்ணப்பிப்பது; இல்லாவிட்டால் ஆயிரக்கணக்கில் செலவழித்து நீதித்துறை மீளாய்வுக்குப் போவது. ‘நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்று எனக்குத் திருப்தி ஏற்படவில்லை’ என்று ஓர் அதிகாரி எழுதிவிட்டால், அதைக் கேள்வி கேட்க சாதாரண மனிதனுக்கு மேடை இல்லை. ஐரோப்பாவில் அந்தளவுக்கு மோசமில்லை. மறுப்புக்குக் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். நீதிமன்றம் வரை போக வழி இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்திருக்கிறது. இருந்தும், அங்கும் கதவுகள் ஒடுங்கி வருகின்றன. விசாப் பகுதியிடமே செலவில்லாமல் மறுபரிசீலனை கேட்கும் முறையை ஜேர்மனி 2025 ஜூலை 1 முதல் நிறுத்திவிட்டது, இனி வழக்குத்தான்.

அகதிப் பயணப்பத்திரம் வைத்திருப்போர் நிலை தனிக்கதை. ஒரு நாட்டில் சட்டப்படி வாழும் அகதி, இன்னொரு நாட்டுக்கு மூன்று மாதம் வரை விசா இல்லாமல் போய்வரலாம் என்று 1959-இலேயே ஐரோப்பிய நாடுகள் பல ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஒப்பந்தம் செய்தன. பிரான்ஸ் 1986-இல் அதை இடைநிறுத்தியது. பிரித்தானியா 2003-இல் இடைநிறுத்தியது. ‘இடைநிறுத்தம்’ என்றால் தற்காலிகம் என்றுதான் பொருள். முதலாவதற்கு நாற்பது வருடமாகிறது. இரண்டாவதற்கு இருபது வருடம் தாண்டிவிட்டது. போரிலிருந்து ஓடிவந்து, வெவ்வேறு நாடுகளில் தஞ்சம் பெற்ற அண்ணன் தம்பிகளுக்காகவே எழுதிய ஒப்பந்தம் போலிருக்கும் இது அலுமாரியில் தூசி படிந்து கிடக்கிறது.

பள்ளிக்கூடப் பிள்ளைக்கு முடிந்ததே!

‘எல்லையைக் காப்பது அரசின் கடமை; விசா முடிந்தும் தங்குபவர்கள் இருக்கிறார்களே’ என்று அரசுகள் சொல்லும். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இங்கே நாம் பேசுவது யாரைப் பற்றி? கைரேகையும் முகமும் ஏற்கெனவே அரசுக் கணினியில் பதிந்தவர்கள். வேலையும் வீடும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் ஒரு நாட்டில் நிலைத்துவிட்டவர்கள். பத்து வருட காட்டை விட்டுவிட்டு லண்டனில் ஒளிந்திருக்க எந்தக் குடும்பஸ்தன் வருவான்?

மனம் வைத்தால் அரசுகளால் முடியும் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் இருக்கிறது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரெஞ்சுப் பள்ளிகளின் லண்டன் சுற்றுலாக்கள் படுத்துவிட்டன. வகுப்பில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுள்ள பிள்ளைகளுக்கு விசா தேவைப்பட்டதும் அதற்கு ஒரு காரணம். 2023 மார்ச்சில் இரு நாட்டுத் தலைவர்களும் சந்தித்தபோது இதைப் பேசினார்கள். அந்த வருடம் டிசெம்பர் 28 முதல், பள்ளி கொடுக்கும் ஒரு படிவத்தோடு குழுவாக வரும் மாணவர்களுக்கு, அவர்கள் எந்த நாட்டவரானாலும், விசா தேவையில்லை என்றாகிவிட்டது. ஆக, பாரிஸை அடுத்த லா கூர்நேவில் படிக்கும் தமிழ்ப் பிள்ளை ஆசிரியரோடு வந்தால் விசா வேண்டாம். அதே பிள்ளை தாயோடு மாமியின் கலியாணத்துக்கு வந்தால் விசா வேண்டும். பள்ளிக்கூடப் படிவத்தை நம்பும் அரசு, தன் நட்பு நாடே கொடுத்த வதிவிட காட்டை நம்ப மறுப்பது எந்த நியாயம்?

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, இறப்புக்கும் கடும் நோய்க்கும் தனிப் பாதை வேண்டும். ஒவ்வொரு தூதரகமும் தினமும் சில நேரங்களை இதற்கென்று ஒதுக்கி, தொடர்பு கொள்ளும் இடத்தைத் தன் இணையப் பக்கத்தின் முதல் வரியில் எழுத வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. இருக்கும் சட்டத்தை நடைமுறைப்படுத்தினாலே போதும்.

இரண்டாவது, இரண்டு கிழமைக்குள் நேரம் கொடுக்கத் தவறும் தனியார் நிலையத்தைத் தூதரகம் கணக்குக் கேட்க வேண்டும். நேரத்தைக் கடவுச்சீட்டு எண்ணோடு பூட்டி, பெயர் மாற்ற முடியாதபடி செய்தால் தரகர் வியாபாரம் படுத்துவிடும். கைரேகை ஒருமுறை கொடுத்தால் 59 மாதம் வரை திரும்பப் பயன்படுத்தலாம் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. அப்படிப்பட்டவர்களை மீண்டும் நேரில் அழைக்காமல் விட்டாலே வரிசை குறையும். ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையவழி விசாத் தளம் 2028-இல்தான் தொடங்கும் என்கிறார்கள். அதுவரை மக்களை அலைய விடக் கூடாது.

மூன்றாவது, பிரித்தானியாவில் நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கு முதல் விசாவை முறையாகப் பயன்படுத்தியவுடன் பல வருட விசா கொடுக்க வேண்டும். இந்தியாவுக்குச் செய்ததை இங்கும் செய்யலாம்.

நான்காவது, பிரித்தானிய அரசு குடும்பப் பார்வையாளரின் மேன்முறையீட்டு உரிமையைத் திருப்பித் தர வேண்டும். 1959 ஒப்பந்தத்தின் இடைநிறுத்தத்தை லண்டனும் பாரிஸும் நீக்க வேண்டும். 2025 மே 19 அன்று லண்டனில் பிரித்தானியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் கூடி, இளைஞர் பரிமாற்றம், எல்லையில் தானியங்கி வாயில் என்றெல்லாம் பேசின. வதிவிட உரிமையுள்ளவர்களின் குடும்பப் பயணமும் அடுத்த பேச்சில் இடம்பெற வேண்டும்.

நாமும் சும்மா இருக்கலாகாது

திகதி கிடைக்கிறதே என்று வேறு நாட்டுத் தூதரகத்தில் விசா எடுத்துக்கொண்டு பாரிஸுக்குப் போகாதீர்கள். அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பொய் பிடிபட்டால் அடுத்த விசாவுக்கும் ஆபத்து. ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதால், நாள் குறித்த கலியாணத்துக்குக் கடைசி மாதம் வரை காத்திருக்காதீர்கள். அவசரம் என்றால் மரணச் சான்றிதழையும் உறவுமுறைக்கான ஆதாரத்தையும் இணைத்து, ஒன்பதாம் பிரிவைக் குறிப்பிட்டுத் தூதரகத்துக்கே எழுதுங்கள். பதில் வராவிட்டால் அந்தக் கடிதத்தின் பிரதியை வைத்திருங்கள். அதுதான் முறைப்பாட்டின் ஆதாரம்.

குடியுரிமை உள்ளவர்களுக்கு இதில் பொறுப்பு அதிகம். உங்களுக்கு விசா வேண்டாம் என்பதால் இது உங்கள் பிரச்னை இல்லை என்றாகிவிடாது; வாக்கு உங்களிடம்தான் இருக்கிறது. உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். பிரித்தானிய நாடாளுமன்ற மனுவில் பத்தாயிரம் பேர் கையெழுத்திட்டால் அரசு பதில் சொல்ல வேண்டும். ஒரு லட்சம் பேர் இட்டால் விவாதத்துக்கு எடுப்பது பற்றிப் பரிசீலிப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் வாழும் எவரும், குடியுரிமை இல்லாவிட்டாலும், ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பலாம். கோயில்களும் தமிழ்ப் பள்ளிகளும் ஊர்ச் சங்கங்களும் வருடாந்தக் கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கினாலே பத்தாயிரம் கையெழுத்து பெரிய காரியமில்லை.

சலுகை எதையும் நாம் கேட்கவில்லை. எழுதிவைத்த சட்டத்தை நடத்துங்கள், எடுத்துக்கொண்ட உரிமையைத் திருப்பித் தாருங்கள், இடைநிறுத்திய ஒப்பந்தத்தை மீண்டும் தொடங்குங்கள் என்றுதான் கேட்கிறோம். கூடப் பிறந்தவளின் உடலுக்கு வாய்க்கரிசி போட, ஐரோப்பாவில் முப்பது வருடம் வரி கட்டிய ஒருவர் தரகனிடம் கையேந்தும் நிலையை அந்தந்த அரசுகள் உடனே முடிவுக்குக் கொண்டுவர வேண்டும்.